அடுத்தது கையில் இருக்கிறது

எங்கள் வேலையை சவூதியின் ஜுபைலில் யாரும் ஒரு வேலையாக மதித்ததில்லை. வெல்டர் வந்தால் நாற்காலி போடுவார்கள். பைப் ஃபிட்டர் டீ குடித்து முடிக்கும்வரை கிரேன் காத்திருக்கும். இன்சுலேஷன்காரனிடம் மட்டும், "எல்லாரும் முடிச்ச பிறகு வா" என்பார்கள். எல்லாரும் முடித்த பிறகு போனால், அவர்கள் இழுத்தடித்த நாட்களையெல்லாம் நம் தலையில் கட்டிவிட்டு, யல்லா யல்லா என்று விரட்டுவார்கள். பெட்ரோகெமிக்கல் ஆலைகளில் பெரிய பெரிய சூளைகள் உண்டு. அவற்றின் உள்சுவரில் செராமிக் ஃபைபர் என்கிற வெள்ளைப் பஞ்சுப் பாயைப் பதித்து, சூடு வெளியே வராமல் காப்பதுதான் எங்கள் தொழில். கேம்ப்பில் எங்கள் கூட்டத்துக்கு 'மெத்தைக் கடை' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அந்தப் பஞ்சு தோலில் ஏறினால் அரிப்பில் உயிர் போகும். வெந்நீரில் குளித்தால் இன்னும் உள்ளே இறங்கும். முதலில் பச்சைத் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். ஜுபைலின் கோடையில் பச்சைத் தண்ணீருக்கு எங்கே போவது? குழாயைத் திறந்தால் வருவதே கொதிநீர். அதனால் எங்கள் ரூமில் கட்டிலுக்கு அடியில் ஆளுக்கொரு வாளி இருக்கும். காலையில் டூட்டிக்குப் போகுமுன் பிடித்து வைத்தால், ஏசிக் காற்றில் மாலைக்குள் ஆறிவிடும். புதிதாக வந்தவன் எவனாவது அடுத்தவன் வாளியில் கால் கழுவினால் அன்றைக்கு அவனுக்கு நல்ல அர்ச்சனை கிடைக்கும்.

நான் திருநெல்வேலிப் பக்கம். டிப்ளமோ படித்திருந்ததால் பஞ்சு ஒட்டுவதிலிருந்து தப்பி, ஒட்டுகிறவர்களுக்கு சூப்பர்வைசர் ஆகியிருந்தேன். என் கட்டிலுக்கு எதிர்க் கட்டிலில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மூத்தவர்களை அவர் 'அண்ணை' என்று கூப்பிடுவதைப் பார்த்து, கேம்ப்பில் எல்லோரும் அவரையே 'அண்ணை' ஆக்கிவிட்டார்கள். சும்மா சொல்லக் கூடாது, கைவேலையில் அவருக்கு ஈடு கிடையாது. சூளையின் கூரையில் பர்னரைச் சுற்றி வட்டமாகப் பஞ்சை வெட்டிப் பொருத்துவது எல்லாருக்கும் வராது. அவர் டேப் வைத்து அளக்காமல் கண்ணாலேயே பார்த்து வெட்டுவார். அவர் முடித்துக் கொடுத்த சூளையில் வெளிச்சுவரைத் தொட்டுப் பார்த்தால் எங்கும் சுடாது.

அவருக்கு ஊரில் மனைவியும் ஒரு மகளும். அது சண்டை நின்றிருந்த காலம். நின்றது நின்றதுதான் என்று எல்லோரும் சொல்ல, அவர் மட்டும் நம்பவில்லை. "திரும்பத் தொடங்கும் தம்பி. அதுக்குள்ள மனிசியையும் பிள்ளையையும் கொழும்புக்கு எடுத்துப்போடவேணும். ரெண்டு மூண்டு வருசம் இங்க நிண்டாப் போதும்" என்பார். அந்த ஒன்றுக்காகத்தான் அவர் அரிப்பையும் சூட்டையும் பொறுத்துக்கொண்டு கிடந்தார். வேறு ஆசை எதையும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அமெரிக்காவின் விண்வெளி ஓடம் ஒன்று திரும்பி வரும்போது வானத்திலேயே சிதறிய செய்தியை நாங்கள் மெஸ் ஹாலில் பார்த்தோம். சனிக்கிழமை, வாரத்தின் முதல் டூட்டி முடிந்து வந்து உட்கார்ந்திருந்தோம். அரபுச் சேனலில், நீல வானத்தில் வெள்ளைக் கோடுகள் பிரிந்து பிரிந்து போனதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். உள்ளே ஏழு பேர். யாரும் பிழைக்கவில்லை என்பது மொழி தெரியாதவனுக்கும் புரிந்தது.

சில நாட்கள் கழித்துக் காரணம் என்ன என்று பேப்பரில் வர ஆரம்பித்தது. கிளம்பும்போது எரிபொருள் தொட்டியின் மேல் ஒட்டியிருந்த இன்சுலேஷன் நுரையில் ஒரு துண்டு பிய்ந்து இறக்கையில் அடித்ததாம். சந்தேகம் அதன்மேல்தான். கேட்க வேண்டுமா? மறுநாள் சாப்பாட்டு வரிசையில் நின்ற புதுக்கோட்டை வெல்டர் ஒருத்தன் எங்களைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டான்.

"என்னண்ணே, ஒங்க மெத்தைக் கடை ஆளுகதான் கவுத்துட்டாய்ங்களாமே?"

மொத்த ஹாலும் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. அண்ணை கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"ஏழு சனம் செத்துப்போச்சு. இதில பகிடி விட என்ன கிடக்கு?"

அண்ணை சாப்பிடாமலே ரூமுக்குப் போய்விட்டார். ஏதோ அவரே ஒட்டிய பஞ்சு பிய்ந்து விழுந்த மாதிரி அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் அவருக்கு ஒரு புது வேலை வந்தது. ஜுபைல் டவுனுக்குப் போனால் நாங்கள் ஊருக்குப் போன் பேசிவிட்டுக் கடைகளைச் சுற்றுவோம். அவர் இன்டர்நெட் சென்டரில் போய் உட்கார்ந்துவிடுவார். திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, படித்ததையெல்லாம் ஒப்பிப்பார். ஓடத்தின் வயிற்றில் ஒட்டியிருக்கும் ஓடுகளைப் பற்றித்தான் முக்கால்வாசிப் பேச்சு.

"எங்கட பஞ்சுதான் தம்பி. அதைச் சுட்டு ஓடாக்கியிருக்கினம். ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு நம்பர். ஒண்டு மாதிரி இன்னொண்டு இல்லை. எல்லாம் கையால ஒட்டினது, விளங்குதோ? ஒரு ஓடு ஒட்ட நாள்கணக்காப் பாடுபடினம்."

"நம்ம ஃபோர்மேன அங்க அனுப்பியிருந்தா, யல்லா யல்லான்னு ஒரே நாளுல மொத்தத்தையும் ஒட்ட வச்சிருப்பாரு அண்ணே."

"உம்மோட கதைக்கேலாது" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். கோபம் வந்தால் 'நீங்கள்' போய் நான் அவருக்கு 'நீர்' ஆகிவிடுவேன். அடுத்த ரவுண்டானா வருவதற்குள் மறந்துவிட்டு மறுபடியும் ஆரம்பிப்பார்.

அடுத்த வருடத் தொடக்கத்தில் அமெரிக்க அதிபர் ஒரு பேச்சுப் பேசினார். மேலே கட்டிக்கொண்டிருக்கும் விண்வெளி நிலையத்தை முடித்துவிட்டு, இந்த ஓடங்களையெல்லாம் நிறுத்திவிடப் போகிறார்களாம். அதன் பிறகு புதிய கலம் ஒன்று வருமாம். அதில் நிலவுக்கே போவார்களாம். பழையது நிற்பதற்கும் புதியது பறப்பதற்கும் நடுவே சில வருடங்கள் ஒன்றும் இருக்காது. ஆங்கிலப் பேப்பரில் இதைப் படித்துவிட்டு அண்ணை கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து யோசித்தார்.

"அப்ப இந்த ஓடு ஒட்டுற சனம் எல்லாம் என்ன செய்யிறது?"

"டீமாப்தான்" என்றேன். ப்ராஜெக்ட் முடிந்ததும் ஆட்களைக் கழற்றிவிடுவதற்கு எங்கள் பாஷையில் அதுதான் பெயர்.

"விசர்க் கதை கதையாதையும். அடுத்தது கையில இல்லாம ஆரும் இருக்கிறதை நிப்பாட்டுவாங்களோ?"

எனக்கு விண்வெளியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் ப்ராஜெக்ட் எப்படி முடியும் என்பது நன்றாகத் தெரியும். கல்ஃபில் முடியப் போகிறது என்று ஆபீசில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். கிழிந்த சேஃப்டி ஷூவைக் காட்டிப் புதிது கேட்டால், "இதையே போடு பாய்" என்பார்கள். மூன்று பஸ் ஓடிய இடத்தில் இரண்டு ஓடும். மெஸ்ஸில் வெள்ளிக்கிழமைப் பாயசம் நின்றுபோகும். யாராவது நேரடியாகக் கேட்டுவிட்டால் ஒரே பதில்தான்: அடுத்தது கையில் இருக்கிறது. ஏன் என்றால், கையில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த மறுநிமிடமே கெட்டிக்காரனெல்லாம் வேறு கம்பெனி பார்த்துக் கிளம்பிவிடுவான். கடைசி மாத வேலைக்குத்தான் கெட்டிக்காரன் வேண்டும். மிச்சம் இருக்கிற சோம்பேறிகளை வைத்துக்கொண்டு எந்தச் சூளையை மூடுவது?

இதை அண்ணையிடம் விளக்கினேன். "ஓடம் கடைசித் தடவை பறக்குற வரைக்கும் ஓடு ஒட்ட ஆள் வேணும்லா அண்ணே? அதுக்குத்தான் நிலாவக் காட்டுதாங்க."

"அவங்கள் பெரிய நாடு தம்பி. சும்மா சொல்லமாட்டாங்கள்."

"பெரிய நாடுன்னா பெருசா சொல்லுவான். அவ்வளவுதான்."

இந்த வாக்குவாதம் எங்களுக்குள் இரண்டு வருடம் ஓடியது. பிற்பாடு, பழையது நிற்பதற்கு முன்னாலேயே அந்தப் புதிய திட்டத்தையும் கைவிடப் போவதாகச் செய்தி வந்தது. நான் சொன்னதுதான் நடந்தது என்று மார்தட்டிக்கொள்ளலாம். ஆனால் அதைச் சொல்ல அப்போது எதிர்க் கட்டிலில் அவர் இல்லை. எனக்கும் மார்தட்டுகிற யோக்கியதை போய்விட்டிருந்தது.

நடுவில் ஒரு நல்ல வெள்ளிக்கிழமை வந்தது. ஓடங்கள் மறுபடி பறக்கத் தொடங்கிய முதல் பயணம் அது. ஓடுகளுக்கு இடையில் இருக்கும் சந்துகளை அடைக்கச் சொருகியிருந்த பட்டைகளில் இரண்டு வெளியே துருத்திக்கொண்டு நின்றனவாம். ஒருத்தர் வெளியே போய், ஓடத்தின் வயிற்றுக்கு அடியில் தொங்கியபடி, அவற்றைக் கையாலேயே இழுத்து எடுத்துவிட்டார். அண்ணை அந்தப் படத்தைக் கலரில் பிரிண்ட் எடுத்துவந்து ரூம் முழுக்கக் காட்டினார்.

"ஹாக்ஸா வாள் ஒண்டும் செய்து கொண்டு போனவராம். தேவைப்படேல்லை. விரலால மெல்ல இழுக்க வந்திட்டுதாம். பாருங்கோ, இது எங்கட வேலைதானே?"

அது உண்மைதான். சூளையில் பாய்களுக்கு இடையே நாங்கள் சொருகும் பட்டையும் அப்படித்தான் துருத்திக்கொண்டு வரும். நாங்களும் விரலால்தான் சரிசெய்வோம். அன்று ரூமில் இருந்த எல்லோருக்கும் அவர் செலவில் பரோட்டாவும் கோழிக் குழம்பும். புதுக்கோட்டை வெல்டரைக்கூடத் தேடிப் போய்க் கூட்டிவந்தார். அவன் சாப்பிட்டு முடித்து, "மெத்தைக் கடைக்கு இன்னைக்குத்தான்ணே பவரு" என்று சொல்லிவிட்டுப் போனான். அண்ணை அவ்வளவு சந்தோஷமாக இருந்து அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்கவில்லை.

மறுவருடம் எங்கள் ப்ராஜெக்ட் முடிந்தது. பாயசம் நின்றது, பஸ் குறைந்தது, எல்லாம் அந்தந்த வரிசைப்படி நடந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, என் ஆட்கள் இருபத்தாறு பேருக்கும் லிஸ்ட் போடச் சொன்னார். பெயர், நம்பர், அதற்கு எதிரே எந்த முத்திரை என்று எழுத வேண்டும். அதை வைத்துத்தான் கம்பெனியின் மந்தூப், அதாவது பாஸ்போர்ட் ஆபீசுக்கு அலைகிற அரபிக்காரன், முத்திரை வாங்கிவருவான்.

முத்திரை இரண்டு வகை. ஒன்று பைனல் எக்ஸிட். இந்தக் கம்பெனியோடு கலாஸ், கணக்கு முடிந்தது. ஊருக்குப் போய், வேறு கம்பெனி விசா அனுப்பினால் அதில் வந்து இறங்கலாம். இன்னொன்று லீவு விசா. ஆறு மாதத்துக்குள் இதே கம்பெனிக்குத் திரும்பியாக வேண்டும். திரும்பாவிட்டால், போனவன் வரவில்லை என்று கம்ப்யூட்டரில் ஏறிவிடும். அப்புறம் சில வருடங்களுக்கு விசா கொடுக்கிற முதலாளி, அதாவது கஃபீல், வேறு யாரும் அவனைச் சவூதிக்குள் கூப்பிட முடியாது. எங்கள் ஆட்களுக்கு இந்த வித்தியாசம் தலைகீழாகத்தான் தெரியும். பைனல் எக்ஸிட் என்றால் துரத்திவிட்டார்கள் என்று அழுவார்கள். லீவு விசா என்றால் கம்பெனி என்னை விடமாட்டேன் என்கிறது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவார்கள். கையைக் கட்டிப் போடுவது எது, அவிழ்த்துவிடுவது எது என்று யோசிக்கிறவன் குறைவு.

அண்ணை யோசித்தார். லிஸ்ட் போடுவதற்கு முந்தின வாரம், என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார். ஜுபைலிலேயே சூளை வேலை செய்யும் இன்னொரு கம்பெனி அவரைக் கேட்டிருக்கிறது. பைனல் எக்ஸிட்டில் கொழும்புக்குப் போனால் போதும். புது விசா அங்கே வந்துவிடும்.

"என்ன செய்யட்டும் தம்பி? நீங்கள் ஆபீசோட இருக்கிற ஆள். உங்களுக்குத் தெரியும்."

எனக்கு என்ன தெரியும் என்பதை இங்கே நேராகச் சொல்லிவிடுகிறேன். யான்புவில் ஒரு சூளை வேலைக்கு எங்கள் கம்பெனி டெண்டர் கொடுத்திருந்தது. கிடைத்தாலும் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைத்தால் அங்கேயும் நான்தான் சூப்பர்வைசராகப் போக வேண்டும் என்று எனக்கு ஆசை. பர்னர் வேலைக்கு அண்ணை என் கையில் இருந்தால் என்னைத் தாண்டி வேறு யாரையும் அனுப்ப மாட்டார்கள். மற்ற இருபத்தைந்து பேரில் அப்படி ஒருத்தன் இல்லை. இவ்வளவும் அந்த ஒரு நிமிடத்தில் என் மண்டைக்குள் ஓடியது.

"பைனல் எக்ஸிட்லாம் எதுக்கு அண்ணே? லீவு விசாவுல போயி, வீட்டுல நாலு மாசம் இருந்துட்டு வாங்க. யான்பு வேலை இருக்குல்லா. அடுத்தது கையில இருக்கு."

அவர் என்னையே பார்த்தார். இரண்டு வருடமாக நான் கேலி செய்த அதே வார்த்தை. அவருக்கு அது ஞாபகம் வராமல் இருந்திருக்காது. ஆனாலும் தலையை ஆட்டினார்.

"நீங்கள் சொன்னாச் சரி. அப்ப மற்றக் கம்பெனிக்கு வேண்டாமெண்டு சொல்லிப்போடுறன்."

லிஸ்டில் இருபத்தைந்து பெயருக்கு எதிரே பைனல் எக்ஸிட் என்று எழுதினேன். ஒன்றுக்கு மட்டும் லீவு. மேனேஜர் ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அண்ணை ஜூலையில் கிளம்பினார். தம்மாம் ஏர்போர்ட்டுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். மகளுக்கு ஒரு பெரிய கலர் பென்சில் பெட்டியும் மனைவிக்கு ஒரு மிக்ஸியும் வாங்கியிருந்தார். கொழும்பில் வீடு பார்க்க ஆள் சொல்லி வைத்திருப்பதாகவும், யான்புவுக்கு வருமுன் இரண்டு பேரையும் அங்கே குடிவைத்துவிடுவதாகவும் சொன்னார்.

ஆகஸ்டில் சண்டை தொடங்கியது. யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-ஒன்பது பாதையை மூடிவிட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். கப்பலில் வெளியே வரலாம், ஆனால் அதற்கு ராணுவத்தின் பாஸ் வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் வரிசை என்று குவைத்தின் அபாசியாவில் இருந்த அவருடைய சொந்தக்காரர் ஒருவர் எனக்குப் போன் செய்து சொன்னார். அண்ணையின் நம்பருக்கு நான் போட்ட போன் எதுவும் போய்ச் சேரவில்லை.

யான்பு வேலை வேறு கம்பெனிக்குப் போனது. என்னை ஜுபைலிலேயே ஒரு சின்ன மெயின்டனன்ஸ் வேலையில் உட்கார வைத்தார்கள். டிசம்பரில் மந்தூப்பிடம் போய், அண்ணையின் விசாவை நீட்டிக்க முடியுமா என்று கேட்டேன். முடியும். கஃபீல் கையெழுத்துப் போட்டால் நீட்டிக்கலாம். "ஷுகுல் மாஃபி, வேலையே இல்லை, எதுக்கு நீட்டணும்?" என்று அவன் திருப்பிக் கேட்டான். நான் மேனேஜரிடம் போயிருக்கலாம். மேனேஜருக்கு மேலே போயிருக்கலாம். அப்படிப் போனால், இவனை மட்டும் ஏன் லீவில் அனுப்பினாய் என்று கேட்பார்கள். அதற்குப் பயந்துகொண்டு சும்மா இருந்துவிட்டேன். விசா தேதி முடிந்தது எனக்குத் தெரியும். அன்றைக்கு டூட்டிக்குப் போய் வழக்கம்போல் டைம் ஷீட் எழுதினேன்.

அதற்கு அடுத்த மாதம் ஒரு மத்தியானம், சைட் ஆபீசில் இருக்கும்போது போன் வந்தது. கொழும்பிலிருந்து அண்ணை. ஐந்து மாதம் அலைந்து கப்பலுக்குப் பாஸ் கிடைத்ததாம். ஒருத்தருக்குத்தான் கொடுத்தார்களாம். மனைவியையும் மகளையும் விட்டுவிட்டுத் தான் மட்டும் வந்திருக்கிறார். சவூதியில் வேலையில் சேர்ந்துவிட்டால் எப்படியாவது அவர்களையும் கொழும்புக்கு எடுத்துவிடலாம் என்று நேராக ஏஜென்சிக்குப் போயிருக்கிறார். அந்த இன்னொரு கம்பெனி இப்போதும் அவரை எடுக்கத் தயாராக இருந்ததாம்.

"பாஸ்போர்ட் நம்பரை அடிச்சுப் பார்த்தவங்கள் தம்பி. என்ர பேர் கறுப்பில கிடக்காம். லீவில போய் வராத ஆளாம். மூண்டு நாலு வருசத்துக்கு ஒண்டும் செய்யேலாதாம்."

"சண்டை அண்ணே, ரோடு மூடிட்டாங்க, உங்க தப்பு இல்லைலா" என்று ஏதோ உளறினேன். அவர் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை.

"பைனல் எக்ஸிட்டில வந்தவங்கள் எல்லாரும் திரும்பப் போறாங்கள். எனக்கு மட்டும் லீவு எண்டு போட்டிருக்கு. அந்த லிஸ்டில அதைப் போட்டது ஆர் தம்பி?"

"மேனேஜர்தான் அண்ணே" என்றேன். கொஞ்சம்கூடத் தயங்காமல் சொன்னேன். "நல்ல ஆளு, விடக் கூடாதுன்னு அவருதான் சொன்னாரு."

லைன் போய்விட்டதோ என்று நான் இரண்டு தடவை ஹலோ சொன்னேன்.

"மனேச்சருக்கு என்ர பேரே தெரியாதே, தம்பி."

குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் கோபித்துக்கொள்ளும்போது என்னை 'நீர்' என்பார். அன்றைக்கு அதுவும் சொல்லவில்லை.

"சரி, வைக்கிறன்" என்றார். "திரும்பிப் போற கப்பலுக்குப் பாஸ் எடுக்கவேணும். மனிசியும் பிள்ளையும் அங்கதானே."